மின்சாரச் சூளை சூடேறத் தாமதிப்பது ஏன்?

மண்பாண்டத் தொழில் நிலைத்திருக்கும் ஊர்கள் சிலவற்றில் இன்று பொதுப் பணிக்கூடம் அமைந்து, அதில் மின்சாரத்தால் சுழலும் திகிரியும் மின்சாரத்தால் சூடேறும் சூளையும் இடம் பெற்றிருக்கின்றன. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018ஆம் ஆண்டில் தொடங்கிய குயவர் மேம்பாட்டுத் திட்டம் மின்சாரத் திகிரியை நாடெங்கும் கொண்டு சென்றது. திகிரியைப் பற்றி நமக்கு வரும் முறையீடுகள் சிலவே. அது பழுதானால் நின்றுவிடும். நின்றதை யாவரும் காண்பர். பழுது பார்ப்பவரை அழைப்பர். சூளையின் சங்கதி அவ்வாறன்று. அது நிற்பதில்லை, தாமதிக்கிறது. சென்ற ஆண்டு 8 மணி நேரத்தில் சுட்டுக் கொடுத்த சூளை, இவ்வாண்டு 10 மணி, 12 மணி என்று இழுக்கிறது. பின்பு ஒரு நாள் 900 டிகிரியைத் தாண்டியதும், பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் நின்றாற்போல் நின்றுகொள்கிறது.

அந்நிலையில் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகையாகவே இருக்கும். "எலிமெண்ட் போய்விட்டது, புதிது வாங்கப் பணம் ஒதுக்குங்கள்" என்பது ஒன்று. "மின்சாரச் சூளை நம் மண்ணுக்கு ஒத்து வராது, பழையபடி விறகுக்கே போய்விடலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் அளந்து பாராமல் சொல்லப்படுபவை. சூளையைப் பிரிப்பதற்கு முன்னால், சூளைக்கு வந்து சேரும் மின்சாரத்தை, சூளை எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது இதுதான்.

இது குயவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று விவசாயிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சூளையைத் தாமதிக்கச் செய்யும் அதே குறைதான் பம்புசெட்டு மோட்டாரின் காயிலையும் கருக்குகிறது.

சுருள் கம்பியின் வேலை

மின்சாரச் சூளையில் தீயும் இல்லை, புகையும் இல்லை. உட்சுவரில் வெட்டிய காடிகளில் சுருள் சுருளாகக் கம்பி பதிக்கப்பட்டிருக்கிறது. எலிமெண்ட் என்று நாம் சொல்வது இதைத்தான். இரும்பு, குரோமியம், அலுமினியம் ஆகிய மூன்றும் கலந்த உலோகம் அது. சுவீடன் நாட்டில் உருவான இவ்வகைக் கம்பியின் வாணிகப் பெயர் 'காந்தல்' என்பது. நம் மொழியில் காந்தல் என்றால் எரிவு, கருகல் என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் பெயர் நன்றாகப் பொருந்திவிட்டது.

மின்சாரம் ஓடும்போது கம்பி அதைத் தடுக்கிறது. அந்தத் தடையே உஷ்ணமாக மாறுகிறது. கிராமப் பணிக்கூடத்தில் வைக்கத்தக்க நடுத்தரச் சூளை ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். ஒரு பேஸுக்கு 3 கிலோவாட் வீதம், மூன்று பேஸுக்கும் சேர்த்து 9 கிலோவாட். 230 வோல்ட் அழுத்தம் கிடைத்தால் ஒவ்வொரு பேஸிலும் ஏறக்குறைய 13 ஆம்பியர் ஓடும். அப்படியானால் ஒரு பேஸின் கம்பித் தடை 17.6 ஓம். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்குகள் எளிதாக விளங்கும்.

இனி, அழுத்தம் குறைந்தால் என்ன நேரும்? அழுத்தம் குறைவதால் கம்பியில் ஓடும் மின்னோட்டமும் குறைகிறது. இரண்டையும் பெருக்கி வருவதே உஷ்ணம். ஆகவே அது இரண்டு பக்கமும் அடிபடுகிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வோல்ட் வந்தால், குறைவு நூற்றுக்கு 13 பங்குதான். உஷ்ணமோ நூற்றுக்கு 24 பங்கு குறைந்துவிடும். அழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உஷ்ணம் போய்விடும்.

மோட்டாரின் குணம் இதற்கு நேர்மாறானது. கிணற்றின் ஆழமும் தூக்க வேண்டிய தண்ணீரும் குறையாதபடியால், அழுத்தம் குறைந்த மோட்டார் அதிக ஆம்பியரை இழுத்து வேலையை முடிக்கப் பார்க்கிறது. காயில் சூடேறிக் கருகுகிறது. விவசாயி உடனே அறிந்துகொள்கிறார், ஏனெனில் ரீவைண்டிங் செலவு அவர் தலையில் விழுகிறது. சூளை குறைந்த அழுத்தத்தில் கருகுவதில்லை, பியூஸ் போவதில்லை, நாற்றமும் எழுவதில்லை. குறைவாக உண்டு, குறைவாக உழைக்கிறது, அவ்வளவே. அதனால்தான் சூளை தாமதிக்கும்போது மின் அழுத்தத்தைச் சந்தேகிப்பார் இல்லை; சூளையையே சந்தேகிக்கிறார்கள்.

தலைமடையும் கடைமடையும்

உஷ்ணம் கால் பங்கு குறைந்தால் நேரமும் அந்த அளவுக்குத்தானே கூட வேண்டும்? சில வேளை சூளை மேலே ஏறவே மறுப்பது ஏன் என்று கேட்கலாம். வாய்க்கால் பாசனம் செய்வோருக்கு இதை விளக்குவது கடினமன்று. வாய்க்காலின் மண் வழியெங்கும் தண்ணீரைக் குடிக்கிறது. மதகில் விடும் தண்ணீர் தாராளமாயிருந்தால், மண் குடித்தது போக மீதி கடைமடைக்குச் சேரும். மதகில் கால் பங்கு குறைத்தால் கடைமடையில் கால் பங்கு மட்டும் குறைவதில்லை. பாதியாகலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். மண் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதில்லை அல்லவா?

சூளையின் சுவரும் அத்தகையதே. உள்ளே உஷ்ணம் ஏற ஏற, சுவர் வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் வெளியேறும் உஷ்ணமும் ஏறிக்கொண்டே போகும். 300 டிகிரியில் இந்தக் கசிவு சொற்பம். 1,000 டிகிரியில் அது 4.5 கிலோவாட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 9 கிலோவாட்டும் முழுமையாக வந்தால், கசிவு போக 4.5 கிலோவாட் பாண்டத்தைச் சூடாக்க மிஞ்சும். வருவது 6.5 கிலோவாட்டாகக் குறைந்தால் மிஞ்சுவது 2 கிலோவாட்தான். வரவு நூற்றுக்கு 28 பங்குதான் குறைந்தது. பாண்டத்துக்குக் கிடைப்பதோ பாதியினும் கீழே போய்விட்டது. வருவதே 4.5 கிலோவாட் என்றால், விடிய விடிய எரித்தாலும் முள் நகராது.

ஆகவே சூளை 500, 600 டிகிரி வரை ஏறக்குறைய வழக்கம்போல ஏறி, அதற்கு மேல் தள்ளாடுமானால், ஒன்று வரவு குறைந்திருக்கிறது, அல்லது கசிவு கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். எல்லாத் தாமதமும் குறையன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பச்சைப் பாண்டத்தின் ஈரம் முழுதும் போகும்வரை, அதாவது 100 டிகிரியைத் தாண்டும்வரை, சூளை மெல்லவே ஏற வேண்டும். இல்லையேல் உள்ளே நீராவி கிளம்பிப் பாண்டம் வெடிக்கும். மண்ணில் உள்ள மணற்பரல் 573 டிகிரியில் திடீரென்று பருக்கும் இயல்புடையது. அவ்விடத்தையும் நிதானமாகவே கடக்க வேண்டும். இவ்விரண்டு இடங்களிலும் சூளையை விரட்ட நினைப்பவர் உடைந்த ஓடுகளையே இறக்குவார்.

ஓர் ஊரில் நடந்தது

நம் வட்டாரத்தில் ஓர் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று கடன் பெற்று இத்தகைய 9 கிலோவாட் சூளையை நடத்தி வருகிறது. மார்கழியில் மழை ஓய்ந்து, பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கிய சமயம். பொங்கல் பானைக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. 8 மணி நேரத்தில் 1,000 டிகிரிக்குச் சென்ற சூளை 13 மணி நேரம் எரிந்தும் 930 டிகிரியில் நின்றுவிட்டது. இறக்கிய பானைகளில் தண்ணீர் ஊற்றினால் கசிந்தது. சூளையைப் பார்க்க வந்த மெக்கானிக், எலிமெண்டுகள் தேய்ந்துவிட்டன என்றார். குழுவினர் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துப் புதிய தொகுதி வாங்கி மாட்டினர். அடுத்த சூளையும் அப்படியே நின்றது. சூளையை ஏலம் போட்டு, அந்தப் பணத்தில் விறகுச் சூளைக்குக் கொட்டகை போடலாம் என்ற யோசனை பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு வந்தது.

உள்ளூர் கம்பியாளர் ஏற்கெனவே அழுத்தத்தைப் பார்த்திருந்தார். 228 வோல்ட், குறையொன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பார்த்தது நண்பகலில், சூளை அணைந்திருந்த வேளையில். மூடிய மதகின் பின்னால் தண்ணீர் நிறையத்தானே நிற்கும்? மாலை 6 மணிக்கு, சூளை முழு வேகத்தில் எரிய, சுற்றிலும் பம்புசெட்டுகள் ஓட, அதே இடத்தில் அதே மீட்டரால் நாம் மறுபடியும் பார்க்கச் செய்தோம். 196 வோல்ட். மின்னோட்டம் பேஸுக்கு 11 ஆம்பியர் சொச்சம். பெருக்கிப் பார்த்தால் சூளைக்கு வந்தது ஆறரைக் கிலோவாட்.

அழுத்தமும் ஓட்டமும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தபடியால் கம்பியில் குற்றமில்லை என்பது தெளிவாயிற்று. மூலையில் போட்டிருந்த பழைய கம்பிகளை ஓம் மீட்டரில் அளந்தபோது அவையும் 18 ஓமுக்குச் சற்று மேலாகத்தான் இருந்தன. இன்னும் பல மாதம் உழைத்திருக்கக் கூடியவை. இன்னொரு கணக்கையும் குழுவினரிடம் போட்டுக் காட்டினோம். முழு அழுத்தத்தில் 8 மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் 72 யூனிட்தான். குறைந்த அழுத்தத்தில் 13 மணி நேரம் எரிந்ததற்கோ ஏறக்குறைய 85 யூனிட் ஆகியிருந்தது. குறைவாக இழுக்கும் சூளை அதிகமாகச் செலவு வைக்கிறது. அந்தச் செலவுக்குப் பலனாக வந்ததும் விற்க முடியாத பானைகள்.

அவ்வூரில் பம்புசெட்டுகள் பெரும்பாலும் இரவு 10 மணிக்கு மேல் நின்றுவிடும். சூளையை அந்த நேரத்துக்கு மாற்றியபோது அழுத்தம் 222 வோல்ட்டாக உயர்ந்தது. 9 மணி நேரத்தில் வேலை முடிந்தது. பொங்கலுக்கு முன் இரண்டு சூளைப் பானைகள் சந்தைக்குப் போயின. மூன்றாவது பிந்திவிட்டது, அந்தப் பானைகள் சித்திரை வரை கூடத்திலேயே கிடந்தன.

இரண்டு எண்கள்

அளக்க வேண்டியவை வோல்ட், ஆம்பியர் என்னும் இரண்டே. வோல்ட் மீட்டர் ஒன்றும், கம்பியை வெட்டாமல் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டர் ஒன்றும் போதும். அளப்பவர் உரிமம் பெற்ற கம்பியாளராக இருக்க வேண்டும். எரியும் சூளையின் இணைப்புகளில் கை வைப்பது ஆர்வமுள்ள இளைஞர்கள் பழகிப் பார்க்கும் காரியமன்று.

அளக்கும் இடம் வாசலில் உள்ள மீட்டர்ப் பலகையன்று. சூளையின் இணைப்புப் பெட்டி. அளக்கும் வேளை, சூளை பற்றி ஒரு மணி நேரமாவது ஆனபின், தொல்லை எப்போது நேருகிறதோ அதே வேளை. சூளையின் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் இயல்புடையதாகையால், கம்பிகள் எல்லாம் இணைப்பில் இருக்கும் நேரம் பார்த்து அளக்க வேண்டும்.

வோல்ட் குறைந்து, அதே விகிதத்தில் ஆம்பியரும் குறைந்திருந்தால் சூளை நிரபராதி. உடனே மீட்டர்ப் பலகையிலும் அளந்து பார்க்க வேண்டும். அங்கும் குறைவாயிருந்தால் குறை மின்பாதையில் இருக்கிறது. பலகையில் சரியாக இருந்து சூளையில் மட்டும் குறைந்தால், இடையில் ஓடும் நம்முடைய வயரே அழுத்தத்தை விழுங்குகிறது. இது அரிதான சங்கதியன்று. ஒரே பேஸில் இயங்கும் 5 கிலோவாட் சிறு சூளையை, பலகையிலிருந்து 60 மீட்டர் தூரத்தில் கொட்டகை போட்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் இணைத்தால், போக வர 120 மீட்டர் வயரிலேயே 16, 17 வோல்ட் கரைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் வயரானால் 7 வோல்ட்டோடு போகும். சூளை வாங்கும்போது வயரில் மிச்சம் பிடிப்பது, கிணறு வெட்டிய பிறகு வாய்க்கால் வெட்டக் கஞ்சத்தனம் செய்வது போன்றது.

வோல்ட் சரியாக இருந்து, ஆம்பியர் மூன்று பேஸிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் அப்போதுதான் கம்பி மூப்படைந்தது எனலாம். சூட்டில் நாள்பட நாள்படக் கம்பியின் தடை கூடுகிறது. 17.6 ஓம் இருந்தது 19.4 ஓம் ஆனால், அதாவது பத்தில் ஒரு பங்கு கூடினால், உஷ்ணம் நூற்றுக்கு 9 பங்கு குறையும். கம்பியை மாற்ற யோசிக்க வேண்டிய அளவு அது. ஓம் அளக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சூளையும் ஆறியிருக்க வேண்டும். ஒரு முறை சூடேறிய கம்பி கண்ணாடி வளையல் போல நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். ஆறிய நிலையில் அதை நிமிர்த்தவோ வளைக்கவோ முயன்றால் கையோடு வந்துவிடும்.

ஒரு பேஸில் மட்டும் ஆம்பியர் இல்லை என்றால் விஷயம் எளிது. பியூஸ் போயிருக்கலாம், காண்டாக்டரின் ஒரு முனை கருகியிருக்கலாம், ஒரு கம்பி அறுந்திருக்கலாம், இணைப்புத் திருகு தளர்ந்து அவ்விடம் பழுத்துக் கருத்திருக்கலாம். நியூட்ரல் இணைப்பு உள்ள சூளையில் இதனால் மூன்றில் ஒரு பங்கு உஷ்ணம் போகும். நியூட்ரல் இல்லாத சூளையில் பாதியே போய்விடும். எந்தக் கம்பி உறங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பழைய உபாயம் ஒன்று உண்டு. மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு காடியிலும் ஒரு காகிதத் துண்டைக் கம்பியின் மேல் படும்படி செருகி, கதவை மூடிச் சில நிமிடம் மின்சாரம் கொடுத்து, மறுபடியும் அணைத்துத் திறந்து பார்த்தால், கருகாத காகிதம் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும்.

ஊரில் அழுத்தம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கிறது, ஆகவே 200 வோல்ட்டுக்கே முழு உஷ்ணம் தரும்படி கம்பியைச் சுற்றித் தரச் சொல்லலாமே என்று கேட்பவர் உண்டு. சுற்றித் தருபவரும் உண்டு. அப்படிச் சுற்றினால் ஒரு பேஸின் தடை 13.3 ஓம் ஆகும். நள்ளிரவில் அழுத்தம் 240 வோல்ட்டுக்கு ஏறும் நாளில், 13 ஆம்பியருக்கு என்று போட்ட இணைப்புகளில் 18 ஆம்பியர் ஓடும். 3 கிலோவாட் பேஸ் 4.3 கிலோவாட்டாக எரியும். வயரும் காண்டாக்டரும் இதைத் தாங்கும்படி மாற்றியமைத்தாலொழிய இந்த வழியில் இறங்கவே கூடாது.

மின்சாரம் சரியாயிருந்தும் தாமதித்தால்

வோல்ட்டும் ஆம்பியரும் இரண்டும் சரி என்றால் சூளைக்கு வேண்டிய உணவு கிடைக்கிறது. அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரிந்தவரை முதலில் சந்தேகிக்கத்தக்கது ஈரம். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரம் செலவாகும். தொட்டால் காய்ந்தது போல் தோன்றும் பாண்டங்களில், ஒரு சூளை நிறைய, 10 கிலோ தண்ணீர் ஒளிந்திருப்பது சாத்தியமே. அவ்வளவும் ஆவியாக 7 யூனிட். 9 கிலோவாட் சூளைக்கு முக்கால் மணிக்கு மேற்பட்ட உழைப்பு. கார்த்திகை அகல் விளக்குக்குத் தேவை மிகும் காலமே ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் என்பது இத்தொழிலின் சங்கடம். சென்ற சூளையின் மிச்சச் சூட்டில் அடுத்த தொகுதியை உலர்த்திக்கொள்வோர் இதில் ஆதாயம் அடைகிறார்கள். அடுக்கும் தட்டுகளும் முட்டுக்கால்களும் பாண்டத்தைப் போலவே சூட்டை உண்பவை என்பதையும் மறக்கலாகாது. 50 கிலோ பாண்டத்துக்கு 30 கிலோ தட்டு என்று அடுக்கினால், சூட்டில் எட்டில் மூன்று பங்கு விற்பனைக்கு வராத பொருளுக்குப் போகிறது.

கதவு இடுக்கை இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். செந்நிறக் கோடு தெரிந்தால் கதவின் கயிறோ விரிப்போ தேய்ந்துவிட்டது. ஈரம் போவதற்காகத் திறந்து வைத்த மேல்துளையை மூட மறந்து, இரவு முழுதும் வானத்தைச் சூடாக்கிய சூளைகளையும் நாம் கண்டதுண்டு. செங்கல்லில் மயிரிழை போன்ற வெடிப்புகள் பொருட்டல்ல. செராமிக் பைபர் விரிப்பை மாற்றுவோர் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிய வேண்டும். அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது.

சூளை தாமதிக்காமல் இருக்க, காட்டும் கருவியே பொய் சொல்வதும் உண்டு. தெர்மோகப்பிள் என்னும் உணர்கோல் சுவரை விட்டு உள்ளே போதிய அளவு நீட்டிக்கொண்டிராவிட்டால், அல்லது நெடுநாள் சூட்டில் தளர்ந்துவிட்டால், உள்ளே 1,000 டிகிரி இருக்கும்போது 940 என்று காட்டும். சூளைக்காரர் தாமதம் என்று எண்ணி மேலும் எரிப்பார். பாண்டம் கோணும், விளக்குகள் ஒன்றோடொன்று ஒட்டும். இதைச் சரிபார்க்க உஷ்ணக் கூம்புகள் இருக்கின்றன. குறிப்பிட்ட சூட்டில் தலை சாயும் சிறிய மண் கூம்புகள் இவை. ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் 1886இல் இவற்றை வகுத்தார். அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896இல் தயாரிக்கத் தொடங்கினார். ஆர்ட்டன் வரிசையில் 06 என்ற எண்ணுள்ள கூம்பு சுமார் 1,000 டிகிரியில் சாயும். கூம்பு சாய்ந்திருந்து கருவி குறைத்துக் காட்டினால் எதை நம்புவது என்பதில் ஐயம் வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன், கட்டுப்பாட்டுக் கருவியில் மணிக்கு எத்தனை டிகிரி என்று அமைத்திருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். மணிக்கு 75 டிகிரி என்று யாரோ மாற்றி வைத்திருந்தால் 1,000 டிகிரிக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஆகத்தான் செய்யும். சூளை சொன்ன சொல் தவறாமல் நடக்கிறது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

அழுத்தக் குறைவுதான் காரணம் என்று தெரிந்தால், மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும். "கரண்ட் கம்மியாக வருகிறது" என்று எழுதும் மனுவுக்கும், தேதி, நேரம், மூன்று பேஸின் வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு எழுதி இணைத்த மனுவுக்கும் உள்ள வேறுபாட்டை அலுவலகத்தில் இருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அழுத்தத்தைச் சற்று உயர்த்தும் டேப் வசதி உள்ள டிரான்ஸ்பார்மரானால் அதை ஒரு படி மாற்றலாம். ஒரு படி என்பது பொதுவாக நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. ஒரே பேஸில் வீடுகள் குவிந்திருந்தால் பிரித்துப் போடலாம். இவை இரண்டும் போதாதபோதுதான் புதிய டிரான்ஸ்பார்மர் என்ற கோரிக்கை எழ வேண்டும்.

விவசாயிகள் கையில் இருக்கும் உபாயம் கெப்பாசிட்டர். மோட்டார் தன் வேலைக்கு மேல் வீணாக இழுக்கும் மின்னோட்டத்தை அது மோட்டாரின் பக்கத்திலேயே ஈடு செய்துவிடுவதால், மின்பாதையில் பாரம் குறைந்து கடைசிக் கம்பம் வரை அழுத்தம் உயருகிறது. 5 குதிரைத்திறன் மோட்டாருக்குப் பொதுவாக 2 கே.வி.ஏ.ஆர். அளவுள்ள கெப்பாசிட்டர் பொருந்தும். தமிழ்நாட்டில் பம்புசெட்டு மின்சாரத்துக்குக் கட்டணமில்லாதபடியால் இதில் தமக்கு என்ன லாபம் என்று விவசாயி கேட்கக்கூடும். லாபம் மோட்டார் காயிலில் இருக்கிறது. ஒருவர் மட்டும் மாட்டினால் பயன் சிறிது. அதே டிரான்ஸ்பார்மரில் உள்ள யாவரும் மாட்டினால் பயன் கண்கூடு. அவர்களை ஒன்று சேர்க்கப் பஞ்சாயத்து அங்கத்தினரை விடத் தகுந்தவர் வேறு யார்?

சூளையைப் பம்புசெட்டுகள் நின்றபின் ஏற்றுவது செலவில்லாத வழி. ஆனால் இரவில் விழித்திருந்து பார்ப்பவருக்குக் கூலியும், பெண்களானால் துணைக்கு ஆளும், கூடத்தில் நல்ல விளக்கும் வேண்டும். கூடத்தின் எர்த் இணைப்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். கதவு திறந்ததும் மின்சாரம் துண்டிக்கும் சுவிட்சைச் சிலர் தொல்லை என்று கட்டிப் போட்டுவிடுகிறார்கள். அதை அவிழ்த்துவிட வேண்டும்.

கம்பி, தெர்மோகப்பிள் இவற்றில் ஐயம் நேர்ந்தால், பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தில் அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் நிறுவனம் இருக்கிறது. அங்குக் கேட்டு எழுதலாம்.

சூளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். ஒவ்வொரு சூளைக்கும் ஒரு பக்கம். ஏற்றிய பாண்டத்தின் எடை, தட்டுகளின் எண்ணிக்கை, தொடங்கிய நேரம், மணிக்கு ஒருமுறை டிகிரி, 2 மணிக்கு ஒருமுறை வோல்ட், மொத்த யூனிட், சாய்ந்த கூம்பின் எண். இணைப்புப் பெட்டியைத் தினமும் திறக்க முடியாதாகையால், சூளைக்கு அருகில் சுவரில் வோல்ட் மீட்டர் ஒன்றை நிலையாகப் பொருத்திவிடுவது நல்லது. சூளை புதிதாக இருக்கும்போதே முதல் பக்கத்தை எழுதிவிட வேண்டும். குளிர்ந்த நிலையில் மூன்று பேஸின் ஓம் அளவையும் அதில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எந்தக் கம்பியாளரும் முதலில் கேட்பது அந்த மூன்று எண்களைத்தான்.